சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

சசிகலாவின் புழு மனை வாசலில் ஒரு சுண்ணாம்புக் கோடு உண்டு. கால் கழுவாமல் அதைத் தாண்ட யாருக்கும் அனுமதி இல்லை. கழுவினாலும் எல்லோருக்கும் அனுமதி இல்லை. ஒருமுறை கடன் விஷயமாகப் பேங்கிலிருந்து ஒருவர் கமகமவென்று சென்ட் அடித்துக்கொண்டு வந்தார். "சார், ஜன்னல் பெருசாத்தான் வெச்சிருக்குது, அங்க இருந்தே பாத்துக்கிங்க" என்று சொல்லிவிட்டாள். அவரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பட்டுப்புழு அப்படிப்பட்ட ஜீவன். சுருட்டு பிடித்த கை ஆகாது, பூச்சிமருந்து தொட்ட கை ஆகவே ஆகாது, நெடி எதுவாக இருந்தாலும் ஆகாது. அடுத்த வீட்டுப் புழு மனைக்குள் போய்வந்த காலும் ஆகாது, நோய் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் பாதி வீடுகளில் புழு வளர்க்கிறார்கள். ஆனால் சம்பந்தியாகவே இருந்தாலும் ஒருவர் மனைக்குள் இன்னொருவர் நுழைவதில்லை. பேச்செல்லாம் வாசலோடு சரி.

ஆக, அந்தக் கோட்டைத் தாண்ட முடியாதவர்கள் ஊரில் நிறையப் பேர். ஆனால் தன் சொந்த மனைக்குள்ளேயே போக முடியாதவன் ஒருவன்தான். அவன் சசிகலாவின் புருஷன் தீர்த்தகிரி.

அவன் குடிப்பான். எப்போதாவது விசேஷத்துக்கு என்று தொடங்கி, பிறகு பொழுது சாய்ந்தால் என்று ஆகி, கடைசியில் கடை திறக்கும் முன்பே வாசலில் நிற்கிற ஆளாகிப் போனான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் தள்ளாடிக்கொண்டே மனைக்குள் போய்ப் புழுத் தட்டின் மேல் சாய்ந்தான். ஒரு வரிசைத் தட்டு முழுக்கச் சரிந்து புழுக்கள் அவன் அடியிலேயே நசுங்கின. சசிகலா அன்று கத்தவில்லை, அழவும் இல்லை. செத்ததையெல்லாம் கூட்டி அள்ளிக் குழியில் போட்டு மூடிவிட்டு, வாசலில் அந்தக் கோட்டை அழுத்தமாகப் போட்டாள். சாராய நாத்தம் பட்டால் புழு தழை தின்னாமல் செத்துவிடும், இனிமேல் நீங்கள் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்றாள். அன்றிலிருந்து அவன் வேலை மல்பெரித் தோட்டத்தில் தழை வெட்டிவந்து கோட்டுக்கு வெளியே போடுவதோடு முடிந்தது. அதுவும் நிற்க முடிகிற நாட்களில்தான்.

குடியை நிறுத்த முயலவில்லை என்று சொல்லக் கூடாது. ஏரிக்கரை முனியப்பன் கோயிலில் கயிறு கட்டினார்கள். ஆடி முடியும்வரை தொடக்கூடாது என்று பூசாரி கெடு வைத்துக் கட்டினார். தீர்த்தகிரி வாக்குத் தவறாத மனிதன். ஆடி முடியும்வரை ஒரு சொட்டுத் தொடவில்லை. ஆவணி பிறந்ததும் கயிற்றை அவிழ்த்து முனியப்பன் சூலத்தில் பயபக்தியோடு கட்டிவிட்டு, கடை திறக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து, விட்டுப்போன மாதத்துக்கும் சேர்த்துக் குடித்தான். கேட்டதற்கு, கெடு முடிந்துவிட்டதே என்று நியாயம் சொன்னான். முனியப்பனே பதில் சொல்லத் திணறியிருப்பார்.

இந்த வருடம் புரட்டாசியில்தான் அது நடந்தது. புழுக்கள் கடைசித் தோலை உரித்துவிட்டு எழுந்திருந்தன. அதற்குப் பிறகு வரும் ஒரு வாரம்தான் அவற்றின் அசுரப் பசிக்காலம். வேளை தவறாமல் தழை விழவேண்டும், ஒரு வேளை தவறினாலும் கூடு இளைத்துப் போகும். அப்படிப்பட்ட நாளில் தீர்த்தகிரி தழை வெட்ட வரவில்லை. முந்தின சாயங்காலம் போனவன், மினி லாரி ஓட்டும் கூட்டாளி மாதப்பன் வீட்டில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் படுத்துக் கிடந்தான். சசிகலா பார்த்துப் பார்த்துச் சலித்து, தானே போய் வெட்டிக் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு வந்தாள். வாய்க்கால் மேட்டில் கால் வழுக்கியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் அவனை உலுக்கி எழுப்பி விஷயத்தைச் சொன்னார்கள். பாலக்கோட்டு ஆஸ்பத்திரியில் அவள் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருக்க, எக்ஸ்ரே படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றான். படம் படபடவென்று ஆடியது. காற்று ஒன்றும் இல்லை, கைதான் ஆடியது.

அதை ஒரு நர்ஸ் பார்த்துவிட்டாள். மேனகா என்று பெயர், சித்தேரி மலைக்காரப் பெண். படத்தை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கி வைத்துவிட்டு, "அண்ணா, கடைசியா எப்பக் குடிச்சீங்க?" என்று கேட்டாள். மணி என்ன என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். தீர்த்தகிரிக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. அவள் அவனை டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனாள். இத்தனை வருடம் குடித்த உடம்பு, திடீரென்று வெறுமனே விட்டால் வலிப்புக்கூட வரலாம், மாத்திரையோடுதான் விடவேண்டும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். அதன் பிறகு தர்மபுரியில் இதற்கென்றே பார்க்கிறார்கள், வாரம் ஒருமுறை போய் வாருங்கள் என்றார். யாரும் திட்டவில்லை. குடிகாரனுக்குத் திட்டுப் பழகிவிடும், திட்டாமல் இருந்தால்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாது. "மாத்திரைய மறந்துறாதீங்கண்ணா" என்று அந்தப் பெண் இன்னொரு தடவை சொன்னபோது அவன் கண் கலங்கிவிட்டது. அவளை இன்று நினைத்தாலும் அவன் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறான்.

அன்று ஒருநாள் மட்டும் சசிகலாவின் தங்கை வீட்டுக்காரர் வந்து தழை போட்டார். அவர் வீட்டில் புழு கிடையாது. ஆனால் அவருக்குச் சர்க்கரை ஆலையில் வேலை, அதற்கு மேல் லீவு இல்லை. மறுநாள் சசிகலா கட்டுக்காலோடு வீட்டுக்கு வந்துசேர்ந்தாள். புழு மனை ஜன்னலுக்கு எதிரே புங்கமரத்தடியில் கட்டிலைப் போடச் சொல்லி அதில் சாய்ந்துகொண்டாள். தீர்த்தகிரி கட்டிலின் கால்மாட்டில் நின்றான். வாங்கிக் கட்டிக்கொள்ள ஆயத்தமாகத்தான் நின்றான். இரண்டு நாளாக மனதுக்குள் அவள் சார்பில் தன்னைத்தானே திட்டி முடித்திருந்தான்.

அவள் திட்டவில்லை. கோவையில் படிக்கும் மகள் ஐஸ்வர்யாவுக்குப் பரீட்சை, அவளுக்குச் சொல்லவேண்டாம் என்றாள். பிறகு புழு மனையைக் காட்டினாள்.

"நீங்கதான் உள்ள போவணும்."

"நானா?"

"வேற யாரு போவாங்க? ஊர்ல எல்லா வூட்லயும் புழு எந்திரிச்சிருக்குது. என்னால காலைக் கீழ வெக்க முடியாது. போங்க, போய்க் குளிச்சிட்டு வாங்க."

பலரிடம் பல வருடம் வாய் நெடியை மறைத்துப் பழகியவன் அவன். பாக்கு, ஏலக்காய், கிராம்பு, கொய்யா இலை என்று மறைக்கிற வித்தையில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முந்தாநாள் குடித்தது இன்னும் உடம்பில் இருக்குமோ என்று பயந்து, அந்த வித்தை முழுவதையும் இப்போது இறக்கினான். வாசனை சோப்பை இரண்டு முறை தேய்த்துக் குளித்தான். மகள் விட்டுப்போன பவுடரைக் கழுத்திலும் அக்குளிலும் கொட்டிக்கொண்டான். ஏலக்காயும் கிராம்பும் சேர்த்து மென்றான். காலைக் கழுவிக்கொண்டு, இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தக் கோட்டைத் தாண்டினான்.

கொசுவலை போட்ட கதவைச் சாத்திவிட்டு முதல் தட்டில் தழையைப் பரப்பினான். புழுக்கள் தலையைத் தூக்கின. தூக்கியபடியே நின்றன, ஒன்றுகூட வாயை வைக்கவில்லை. அடுத்த தட்டுக்குப் போனான், அங்கேயும் அப்படியே. அத்தனை தலைகளும் அவனையே பார்ப்பதுபோல் இருந்தது. தழையைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்தான்.

"சசி, அதுங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. நான் யாருன்னு தெரிஞ்சிருச்சு. ஒண்ணும் திங்க மாட்டேங்குது."

சசிகலா பதறிப்போய் அவனைக் கிட்டே வரச் சொன்னாள். வந்தான். அவள் மூக்கைச் சுளித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கட்டுப்போட்ட கால் வலிக்க வலிக்க, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து அவன் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பது அவனுக்கே நினைவில்லை.

"கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்வளவு பவுடர் போடல நீங்க" என்றாள். "நாத்தம் மட்டும் இல்லீங்க, வாசனையும் அதுக்கு ஆவாது. ஒண்ணுமே இல்லாம போங்க. வெறுந்தண்ணியில குளிங்க, வாயக் கொப்புளிங்க, வெயில்ல காஞ்ச வேட்டியக் கட்டுங்க. ஒண்ண மறைக்க இன்னொண்ணு பூசாதீங்க."

தீர்த்தகிரி மறுபடி குளித்தான். பூசியதெல்லாம் போகத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தான். எதையும் மறைக்காமல் ஓர் இடத்துக்குப் போவது அவனுக்கு அன்றுதான் முதல் தடவை. அம்மணமாகப் போவதுபோல் கூச்சமாக இருந்தது. இந்த முறை தழை விழுந்ததும் புழுக்கள் சற்று நேரம் தலையை ஆட்டிவிட்டு இலை ஓரத்தில் வாய் வைத்தன. ஒன்று, பிறகு பத்து, பிறகு மனை முழுவதும். தூறல் விழுவதுபோன்ற அந்தச் சத்தம் எழுந்தது. இரண்டு வருடமாகக் கோட்டுக்கு வெளியே தழைக்கட்டை இறக்கும்போது காதில் விழுந்த சத்தம்தான் அது. இப்போது அதன் நடுவில் நின்றுகொண்டு தேம்பித் தேம்பி அழுதான். ஜன்னலுக்கு வெளியே சசிகலாவுக்கு அது கேட்டது.

அந்த வாரம் லேசான வாரம் இல்லை. மாத்திரை போட்டும் உடம்பு வியர்த்துக் கொட்டியது, தூக்கம் வரவில்லை, கை நடுங்கியது. தழைக்கொம்பை எடுத்துத் தட்டில் வைக்கும்போது பாதி கீழே விழும். பொறுக்கி எடுத்து வைப்பான். நடுங்குகிற கையால் போட்டாலும் புழு தின்றது, அதுதான் அவனுக்குப் பெரிய ஆறுதல். நீ யார், போன வருடம் என்ன செய்தாய் என்று எதுவும் அது கேட்கவில்லை. நல்ல தழையா, நெடி இல்லாத கையா, அவ்வளவுதான் அதற்குக் கணக்கு. இந்த உலகத்தில் தனக்காகக் காத்துக்கொண்டு இவ்வளவு வாய்கள் இருக்கின்றன என்று நினைக்க அவனுக்கு நன்றியாக இருந்தது. ஜன்னல் வழியாக சசிகலா சொல்லச் சொல்ல அவன் செய்தான். அவள் சொல்வதைக் கேட்பதில் இவ்வளவு சுகம் இருக்கிறதென்று முன்னமே தெரிந்திருந்தால் குடும்பம் எங்கேயோ போயிருக்கும்.

நடுவில் ஒருநாள் மாதப்பன் வந்தான். கூட்டாளி உடம்பு நடுங்கித் தவிப்பதாகக் கேள்விப்பட்டு, கருணையோடு பேப்பரில் சுற்றி ஒரு குவார்ட்டர் கொண்டுவந்திருந்தான். இடுப்பிலிருந்து அதை எடுத்துக் காட்டியபடி மனை வாசலுக்கு வந்தான். தீர்த்தகிரியின் கண் அந்தப் பேப்பரை விட்டு அகலவில்லை. வாயில் எச்சில் ஊறியது, அதை அவன் பிற்பாடு யாரிடமும் மறைத்ததில்லை. உள்ளே ஒரு பக்கத் தட்டுகளுக்கு இன்னும் தழை விழவில்லை. இப்போது ஒரு மடக்குக் குடித்தால் அவை இன்றைக்குப் பட்டினி. அவனை விட்டால் உள்ளே போக ஆளே இல்லை.

"மாதப்பா, கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லு. இங்க வராத" என்றான்.

"நான் என்ன வேத்தாளா?"

"போன வாரம் நானே வேத்தாளுதாண்டா. ஒரு உதவி செய். அந்த அருவாளை எடுத்துக்கிட்டுப் போயித் தழை வெட்டியா. நான் உள்ள இருக்கறதால வெட்ட ஆளு இல்ல."

மாதப்பன் சசிகலாவைப் பார்த்தான். அவளைக் கண்டாலே அவனுக்குப் பயம். அவளோ கட்டிலில் இருந்தபடி, டீ போட்டுத்தர முடியாமல் கிடக்கிறேன், மன்னிச்சுக்கிங்கண்ணா என்றாள். அதற்கு மேல் அவனால் நிற்க முடியவில்லை. பாட்டிலை இடுப்பில் சொருகிக்கொண்டு தோட்டத்துக்குப் போனான். அன்று மட்டும் இல்லை, புழு பழுக்கும்வரை தினமும் மார்க்கெட்டில் தக்காளியை இறக்கிவிட்டு வந்து தழை வெட்டிக் கோட்டுக்கு வெளியே போட்டுவிட்டுப் போனான். அவன் குடியை விட்டானா என்றால், இல்லை. தழை வெட்டிய பிறகு குடித்தான். ஆனாலும் அந்தத் தழைக்கு தீர்த்தகிரி ஆயுசுக்கும் கடன்பட்டவன்.

புழுக்கள் பழுத்து மஞ்சளாகிக் கூடு கட்ட வலைத்தட்டுகளில் ஏறின. மனையில் தின்னும் சத்தம் நின்றது. எல்லோரும் நிம்மதியாகிற நேரம் அது. தீர்த்தகிரிக்கு மட்டும் நிம்மதி இல்லை. இதுவும் ஆடிக் கயிறுதானோ என்று பயந்தான். கெடு முடியப் போகிறது. புழுவுக்காக வாயைக் கட்டினேன், புழு போன பிறகு எதற்காகக் கட்டுவேன்? இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை, ஆனால் வேறு எதையும் நினைக்கவும் முடியவில்லை.

கூடுகளைப் பிரித்துச் சாக்கில் கட்டி, மாதப்பன் வண்டியிலேயே தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கொண்டுபோனார்கள். கூடு உருண்டு திரண்டு நன்றாக இருந்தது, கேட்டவர்கள் யார் வீட்டுக் கூடு என்று விசாரித்தார்கள். விற்றுவிட்டுத் திரும்பும்போது வண்டி வழக்கமான சாராயக் கடை முன்னால் தானாகவே நின்றது. கூடு விற்ற அன்றைக்குக் குடிக்காமல் ஊர் திரும்பிய ஆண்பிள்ளை அந்தப் பக்கத்தில் அரிது. மாதப்பன் இறங்கிப் போனான். தீர்த்தகிரி வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். கதவுப்பிடியில் கையை வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். கெடு முடிந்துவிட்டதே என்ற அந்தப் பழைய நியாயம் உள்ளுக்குள் வாதாடியது. கடைசியில் கதவைத் திறந்து இறங்கி, ரோட்டின் எதிர்ப்பக்கம் ஓடி, வந்த பஸ்ஸில் எது என்றுகூடப் பார்க்காமல் ஏறிவிட்டான். நல்லவேளை, அது பாலக்கோட்டு பஸ்தான். அந்த டிரைவருக்கும் அவன் நன்றி சொல்லவேண்டும்.

சசிகலா ஊன்றுகோலோடு காலி மனைக்கு எதிரே கட்டிலில் இருந்தாள். மனையைக் கழுவிவிட்டிருந்தார்கள். அவன் வந்து அவள் காலடியில் தரையில் உட்கார்ந்து, பயத்தை அப்படியே சொன்னான். இனி அடுத்த புழு வரும்வரை மனை காலி, நான் எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை என்றான்.

அவள் ஊன்றுகோலைக் கட்டில் ஓரமாகச் சாய்த்து வைத்தாள்.

"ஒண்ணு சொல்றன், கோவிச்சுக்காதீங்க" என்றாள். "பொகையில, மருந்து, சென்ட்டு இதெல்லாம் ஆவாதுன்னு பட்டு ஆபீசருங்க சொன்னாங்க. சாராயத்தப் பத்தி யாரும் எங்கிட்டச் சொல்லல. நான் கேக்கவும் இல்ல."

தீர்த்தகிரி நிமிர்ந்து பார்த்தான்.

"அப்ப அந்தக் கோடு?"

"எனக்குப் போட்டதுங்க. அந்த நாத்தம் இல்லாம மூச்சு விட எனக்கு ஒரு எடம் வேணும்னு இருந்துச்சு. எனக்குன்னு கேட்டா நீங்க குடுத்திருக்க மாட்டீங்க. புழுவுக்குன்னு சொன்னன். குடுத்தீங்க."

அவனுக்குக் கோபம் வந்திருக்கலாம். வேறு எவனாவது என்றால் வந்திருக்கும். தீர்த்தகிரிக்கு வந்தது வேறு. இரண்டு வருடம் இவள் தனக்கென்று வைத்திருந்த ஒரே இடம் அது. காலை ஒடித்துக்கொண்டு வந்து கிடந்தபோது, ஒடியக் காரணமானவனிடமே அதைத் திறந்துவிட்டு, போய்க் குளித்துவிட்டு வாங்க என்றிருக்கிறாள். அவன் அவளுடைய கட்டுப்போட்ட காலின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். நன்றி என்ற சொல் அவர்கள் வீட்டுப் பேச்சில் இல்லாத சொல், அதனால் அவன் அதைச் சொல்லவில்லை. "சசி" என்று மட்டும் இரண்டு முறை சொன்னான்.

பிறகு எழுந்து மனைக்குள் போய்ச் சுண்ணாம்பு டப்பாவை எடுத்துவந்தான். வீட்டு வாசலுக்குப் போனான். நிலைப்படிக்கு முன்னால் குனிந்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரு கோடு போட்டான். கோடு வளைந்துதான் இருந்தது.

சசிகலா ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு வந்து கோட்டைப் பார்த்தாள். "இதுக்கு எதுவரைக்கும் கெடு?" என்று கேட்டாள்.

"நீ உள்ள இருக்கிறவரைக்கும்" என்றான்.

அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்ல வீட்டுக்குள் ஏறி நின்று திரும்பினாள். அவன் குழாயடிக்குப் போய்க் காலைக் கழுவிக்கொண்டு வந்து கோட்டுக்கு வெளியே நின்றான். தன் சொந்த வீட்டு வாசலில், கேட்டுக்கொண்டு நுழைகிற ஆள்போல, வரட்டுமா என்றான். அவள் கொஞ்சம் குனிந்து, தழையை மோந்து பார்ப்பதுபோல அவன் முகத்தருகே மோந்து பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல" என்றாள். "உள்ள வாங்க."